விதியா, மதியா? ஒரு கேள்வித்தாளின் கதை

போன செமஸ்டர் எங்கள் கல்லூரியில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சு நடந்தது. பேச வந்தவர் இரண்டு மணி நேரத்தில் நாற்பது தடவையாவது "எல்லாம் உங்க கையிலதான் இருக்கு" என்று சொல்லியிருப்பார். நாங்களும் கை தட்டினோம். என் பக்கத்தில் இருந்த நண்பன் மட்டும் தட்டவில்லை. அவனுக்கு காஸ்ட் அக்கவுண்டிங்கில் இரண்டாவது முறையாக அரியர். தினமும் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து இரவு பத்தரை வரை ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறான். வெளியே வந்ததும், "அப்போ நான் ஃபெயிலானதுக்கு நான்தான் காரணமாடா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கதை. (நான் காமர்ஸ் மாணவன், உளவியல் படித்தவன் இல்லை. முன்னாடியே சொல்லிவிடுகிறேன் :))

"விதியை மதியால் வெல்லலாம்" என்பதும் "எல்லாம் தலையெழுத்து" என்பதும் நம் ஊரில் ஒரே வாயிலிருந்து வரும். ஒரு மனிதர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை அளக்க ஒரு கேள்வித்தாளே இருக்கிறது. அதை உருவாக்கியவர் ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியலாளர்.

ராட்டர் 1916-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். 1929-க்குப் பிறகு வந்த பெருமந்தத்தில் அவருடைய அப்பாவின் வியாபாரம் நொடித்துப்போனது. உழைக்கிற மனிதரும் சூழ்நிலையால் விழுவார் என்பதைச் சின்ன வயதிலேயே வீட்டுக்குள் பார்த்தவர் அவர். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1950-களில் அவர் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அவருடைய மாணவர் ஜெர்ரி ஃபேர்ஸ் ஒரு சோதனை செய்தார். ஒரே வேலையைச் செய்தவர்களில் ஒரு பகுதியினரிடம் "இது திறமையைப் பொறுத்தது" என்றும், மற்றவர்களிடம் "இது அதிர்ஷ்டம்தான்" என்றும் சொன்னார். திறமை என்று நம்பியவர்கள் ஒருமுறை ஜெயித்தால், அடுத்த முறையும் ஜெயிப்போம் என்ற எதிர்பார்ப்பைக் கூட்டிக்கொண்டார்கள். அதிர்ஷ்டம் என்று நம்பியவர்களிடம் அந்த மாற்றம் குறைவு. அதாவது, வெற்றி நம்மால் வந்தது என்று தோன்றாவிட்டால் அந்த வெற்றியிலிருந்து நாம் பெரிதாகக் கற்றுக்கொள்வதில்லை!

இந்த ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்து ராட்டர் 1966-ல் வெளியிட்ட கட்டுரையில்தான் அந்தக் கேள்வித்தாள் இருந்தது. மொத்தம் 29 ஜோடி வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 6 ஜோடிகள் நோக்கம் தெரியாமல் இருக்கச் சும்மா சேர்த்தவை, மீதி 23-க்குத்தான் மதிப்பெண். "என்னால் நடக்கிறது" என்பவர்கள் அகக் கட்டுப்பாட்டுக்காரர்கள், "வெளியிலிருந்து நடக்கிறது" என்பவர்கள் புறக் கட்டுப்பாட்டுக்காரர்கள். ஆங்கிலத்தில் இதற்கு லோகஸ் ஆஃப் கன்ட்ரோல் என்று பெயர்.

அதே 1966-ல் இன்னொரு பெரிய அறிக்கையும் வந்தது. 1964-ன் குடிசார் உரிமைகள் சட்டம் கேட்டபடி, அமெரிக்கப் பள்ளிகளில் எல்லா இனத்தவருக்கும் சம வாய்ப்பு இருக்கிறதா என்று ஆராய்ந்தது சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மனின் குழு. சுமார் 4,000 பள்ளிகள், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். கறுப்பின மாணவர்களைப் பொறுத்தவரை, பள்ளி சம்பந்தப்பட்ட எல்லா அம்சங்களையும் சேர்த்துப் பார்த்தாலும், அவற்றைவிட "என் வாழ்க்கை ஓரளவாவது என் கையில் இருக்கிறது" என்ற நம்பிக்கைக்கே மதிப்பெண்ணோடு அதிகத் தொடர்பு இருந்தது.

"பார்த்தீர்களா, எல்லாம் மனசுதான்!" என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளையர் அதிகம் படிக்கும் பள்ளிகளில் இருந்த கறுப்பின மாணவர்களிடம் அந்த நம்பிக்கை கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் அது பிறவிக் குணம் மட்டுமில்லை. இடம் மாறினால் அதுவும் மாறுகிறது. நல்ல மதிப்பெண் வாங்கியதால் நம்பிக்கை வந்ததா, நம்பிக்கையால் மதிப்பெண் வந்ததா என்பதையும் ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பை வைத்துச் சொல்லிவிட முடியாது.

1969-ல் பாட்ரிஷியா குரினும் அவருடைய குழுவினரும் கறுப்பினக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்து முக்கியமான ஒன்றைக் காட்டினார்கள். "என் வாழ்க்கையில் என்னால் முடியும்" என்பது ஒரு நம்பிக்கை, "என் மக்கள் பின்தங்க அமைப்புதான் காரணம்" என்பது வேறொரு நம்பிக்கை. இரண்டாவது, ராட்டர் கணக்கில் புறக் கட்டுப்பாடு, அதாவது பலவீனம். ஆனால் அமைப்பைக் குறைசொன்ன மாணவர்கள்தான் உரிமைப் போராட்டங்களில் இறங்கத் தயாராக இருந்தார்கள்!

உடல்நலத்திலும் இதே கதைதான். 1962-ல் சீமன், எவன்ஸ் இருவரும் காசநோய் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்தபோது, அகக் கட்டுப்பாடு உள்ளவர்கள் தங்கள் நோயைப் பற்றி அதிகம் தெரிந்துவைத்திருந்தார்கள். பிரிட்டனில் 1970-ல் பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வில், 10 வயதில் இந்த நம்பிக்கை அதிகம் இருந்தவர்களுக்கு 30 வயதில் உடல் பருமனும் மன உளைச்சலும் குறைவு என்று 2008-ல் வெளியானது.

ஆக, நம்பிக்கை முக்கியம்தான். ஆனால் காலமும் அதை மாற்றுகிறது. ஜீன் ட்வெங்கி குழு 2004-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2002-ன் சராசரி அமெரிக்கக் கல்லூரி மாணவர், 1960-களின் தொடக்கத்தில் இருந்த மாணவர்களில் 80 சதவீதம் பேரைவிடப் புறக் கட்டுப்பாடு அதிகம் உள்ளவர். இத்தனை மாணவர்களும் ஒரே நேரத்தில் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்றா சொல்ல முடியும்?

எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது, ஹி ஹி. செலவுகளைக் கட்டுப்படுத்தக்கூடியவை, கட்டுப்படுத்த முடியாதவை என்று பிரிப்போம். ஒரு மேலாளரை முதல் வகைக்கு மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டும். கட்டட வாடகை ஏறியதற்கு அவரைத் திட்டினால் அது கணக்கே இல்லை. அதேபோல, வாடகை ஏறிவிட்டது என்று சொல்லி அவர் மூலப்பொருளை வீணாக்கினால் அதுவும் தப்பு.

இதைத்தான் நண்பனிடம் சொன்னேன். ஃபீஸ் கட்டக் கடைக்குப் போவது உன் தப்பில்லை. அந்தப் பேச்சாளருக்கு அது தெரியாது. உன் கையில் இருக்கிற துண்டு சின்னதுதான், அதை மட்டும் பார்ப்போம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். மறுநாள் கடையில் கேட்டு, பரீட்சை வாரம் மட்டும் எட்டு மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்கிவிட்டான்.

நவம்பரில் எழுதுகிறான். மார்ஜினல் காஸ்டிங் மட்டும் நான் சொல்லித் தருவதாக ஏற்பாடு.