பேதி உப்பு உறக்க மாத்திரையான கதை: விளையாட்டுக் களத்தில் மக்னீசியம்

கொச்சியின் வைட்டிலா இன்று மெட்ரோ நிலையத்தாலும் மேம்பாலத்தாலும் பேருந்து மையத்தாலும் அறியப்படும் சந்திப்பு. ‘வயல்தலை’ என்பதே வைட்டிலா எனத் திரிந்தது என்பர். தமிழ்ச் செவிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அந்த வயலின் நினைவாக எஞ்சியிருப்பது 1958இல் தொடங்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம். உவர்நீரில் ஆளுயரம் வளரும் பொக்காளி நெல்லே அதன் முதன்மையான ஆய்வுப்பொருள். அதே நகரின் மருந்துக் கடைகளில் ‘ஆழ்ந்த உறக்கம், விரைந்த தசை மீட்சி’ என்ற வாக்குறுதியோடு மக்னீசிய மாத்திரைகள் விற்கின்றன. வாங்குவோரில் கல்லூரி ஓட்டக்காரர்களும் பளுதூக்குவோரும் உண்டு. அந்த மாத்திரைக்கும் அந்த நெல்லுக்கும் உள்ள உறவு தொலைவிலிருந்து தொடங்குகிறது.

1618இன் வறட்சியில், இங்கிலாந்தின் எப்சம் ஊரில் ஒரு குட்டையின் நீரைக் குடிக்க மாடுகள் மறுத்ததாகச் சொல்லப்படுகிறது. கசந்த அந்நீர் மனிதர்க்குப் பேதி மருந்தாயிற்று. 1695இல் நெகமையா குரூ அதன் உப்பைப் பற்றி நூல் எழுதினார். நம் மருந்தகங்களில் அது ‘பேதி உப்பு’ என்றே வழங்கியது. பயனைச் சொல்லிப் பொருளைப் பெயரிட்ட நேர்மையான சொல். சுண்ணாம்பிலிருந்து மக்னீசியாவை வேறுபடுத்திக் காட்டியவர் ஜோசப் பிளாக் (1755). உலோகத்தைப் பிரித்தவர் ஹம்ஃப்ரி டேவி (1808). மக்னீசியா என்பது கிரேக்கத்தின் தெசலியில் உள்ள ஒரு நிலப்பகுதி. காந்தத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லும் மாங்கனீசும் அதே வேரின் கிளைகள். குழப்பத்தைத் தவிர்க்க டேவி ‘மக்னியம்’ என்று பெயரிட விரும்பினார், உலகம் இசையவில்லை. ‘வெளிமம்’ என்ற தமிழ்க் கலைச்சொல்லுக்கும் ஏறத்தாழ அதே கதி. சேலத்தில் வெட்டப்படும் மக்னசைட்டை மக்கள் ‘வெள்ளைக்கல்’ என்கின்றனர். அது உடலுக்கன்று, எஃகு உலைகளின் வெப்பந்தாங்கும் செங்கல்லுக்குப் போகிறது.

பேதி மருந்து உயிர்ச்சத்தாக உயர்ந்தது 20ஆம் நூற்றாண்டில். 1926இல் லெரோய் சுண்டெலிகளின் வளர்ச்சிக்கு மக்னீசியம் இன்றியமையாதது என்று காட்டினார். 1932இல் மெக்காலத்தின் ஆய்வகம் மக்னீசியம் நீக்கிய உணவை எலிகளுக்கு அளித்தது. அவை சிறு ஓசைக்கும் துடித்தன. வலிப்பு கண்டு இறந்தன. ‘நரம்பை அமைதிப்படுத்தும் தாது’ என்ற இன்றைய விளம்பர மொழிக்கு இதுவே மூலம். ஆயினும் முற்றிலும் இல்லாதபோது நரம்பு கொந்தளிக்கும் என்பது, போதிய அளவு உள்ளவர் மேலும் உண்டால் நன்றாக உறங்குவார் என்று பொருள்படாது. இந்த இடைவெளியில்தான் வணிகம் குடிபுகுந்தது. வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உண்டு; பாதிக்கு மேல் எலும்பில். இரத்த நீரில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆதலால் சாதாரண இரத்தப் பரிசோதனை குறைபாட்டை எளிதில் காட்டாது. குறைபாடு உண்டென அஞ்சவைப்பதும் எளிது.

விளையாட்டுக் களத்தில் ஒரு சான்று 1992இல் வந்தது. அமெரிக்காவின் மேற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரில்லாவும் ஹேலியும், பயிற்சியில் முன்பழக்கம் இல்லாத 26 இளையோரை 7 வாரம் ஆராய்ந்து, மக்னீசியம் கூட்டியவர்களின் கால் வலிமை அதிகம் உயர்ந்ததாக எழுதினர். 2000இல் அதே பிரில்லா மற்றொருவருடன் இணைந்து கல்லூரிக் கால்பந்து வீரர்களை ஆராய்ந்தார். இரவில் உறங்குமுன் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 450 மில்லிகிராம் மக்னீசியமும் 8 வாரம். டெஸ்டோஸ்டிரோனும் வலிமையும் உயர்ந்தன என்பது முடிவு. ‘இசட்.எம்.ஏ.’ என்ற அக்கலவை உலகெங்கும் பரவியது. ஆய்வின் இணை ஆசிரியர் விக்டர் கோண்டே. கலவையை விற்றவரும் அவரே. விற்பவரே அளவுகோலையும் பிடித்திருந்தார் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

கோண்டே கலிபோர்னியாவின் ‘பால்கோ’ நிறுவனத்தை நடத்தியவர். 2003இல் அங்கு அரசுச் சோதனை நடந்தது. பரிசோதனைகளில் பிடிபடாத வகையில் உருவாக்கிய ‘டி.எச்.ஜி.’ என்னும் ஊக்கமருந்தைப் புகழ்பெற்ற வீரர்களுக்கு அந்நிறுவனம் வழங்கியது அம்பலமாயிற்று. 2005இல் கோண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். முன்னதாக 2004இல் வில்போர்னும் குழுவினரும் பளுப்பயிற்சி பெற்ற 42 ஆடவருக்கு இசட்.எம்.ஏ. கொடுத்து ஆராய்ந்தபோது ஹார்மோனிலும் வலிமையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. வணிகத்துக்கு அதனால் பெரிய இடையூறு நேரவில்லை. ‘டெஸ்டோஸ்டிரோன்’ பின்னுக்குப் போயிற்று. ‘உறக்கம்’ முன்னுக்கு வந்தது.

உறக்கத்துக்குரிய சான்று யாருடையது? 2012இல் ஈரானில் உறக்கமின்மையுற்ற 46 முதியோருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் தரப்பட்டது. அவர்களின் உறக்கமின்மை மதிப்பெண் மேம்பட்டது. 2021இல் இத்தகைய ஆய்வுகளைத் திரட்டியபோது கிடைத்தவை 3, பங்கேற்றோர் 151 பேர், அனைவரும் முதியோர். உறக்கம் வருவதற்கான நேரம் சுமார் 17 நிமிடம் குறைந்தது. சான்றின் தரம் தாழ்ந்தது என்று தொகுத்தவர்களே குறித்தனர். தசைப்பிடிப்பு பற்றிய காக்ரேன் மதிப்பாய்வு (2020), உடற்பயிற்சியால் வரும் பிடிப்புக்குரிய சீரற்ற ஒப்பீட்டுச் சோதனை ஒன்றுகூடக் காணவில்லை. அதிகாலை 5 மணிப் பயிற்சிக்கு எழுந்து, மாலையும் ஓடி, இரவு கைபேசியோடு விழித்திருக்கும் 19 வயது மாணவியின் உறக்கத்தைப் பற்றி முதியோர் ஆய்வு சொல்வது மிகக் குறைவு. மாத்திரைவழி மக்னீசியத்துக்கு அமெரிக்கா வகுத்த மேல்வரம்பு 350 மில்லிகிராம். காரணம் வயிற்றுப்போக்கு, எப்சத்தின் பழைய குணம் போய்விடவில்லை.

மக்னீசியம் தடைசெய்யப்பட்ட பொருளன்று. ஆனால் புட்டியில் வேறென்ன கலந்திருக்கிறது என்பது வீரரின் தலைமேல் தொங்கும் கேள்வி. 2010 காமன்வெல்த், ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் 4×400 தொடரோட்ட அணியினர் சிலர் 2011இல் ஸ்டீராய்டு பரிசோதனையில் சிக்கினர். சீனாவில் வாங்கிய ஜின்செங் துணையுணவே காரணம் என்று வாதிடப்பட்டது. தடை நீங்கவில்லை, உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் பதவி இழந்தார். உடலுக்குள் கிடைத்த பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது ஊக்கமருந்து விதியின் அடிப்படை. அறியாமை அங்கே முழு விடுதலை தராது. எண்ணூறு ரூபாய்ப் புட்டி ஒன்று நான்காண்டு உழைப்பை அழிக்கக்கூடும்.

இனி நெல்லுக்கு வரலாம். குன்னூரில் 1918 முதல் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டபோது, சீக்கியர் உணவு உண்டவை முதலிடத்திலும், அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு உண்டவை கடைசியிலும் நின்றன. தீட்டிய அரிசி அவர் கவலைகளுள் ஒன்று. அக்காலத்தில் கண்கள் வைட்டமினைத் தேடின. அதே தவிட்டோடு வெளியேறிய மக்னீசியத்தை எவரும் பெரிதாகக் கருதவில்லை. ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகிய அந்த ஆய்வகமே 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மக்னீசியம் ஏறத்தாழ 19 மில்லிகிராம், தீட்டாத அரிசியில் 94, கேழ்வரகில் 146. நாளுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு முதலாவது 57-58 தரும். இரண்டாவது 280க்கு மேல். தவிட்டிலுள்ள ஃபைட்டேட்டு உறிஞ்சுதலை ஓரளவு தடுக்கும் என்பதைக் கழித்தாலும் வேறுபாடு பெரிது. வளர்ந்த ஆடவர்க்கான பரிந்துரை 2010இல் 340ஆக இருந்து 2020இல் 440ஆக உயர்ந்தது. உணவு மாறாமலேயே பலர் தாளில் குறைபாடுடையோராயினர்.

கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் மக்னீசியம் கொண்டது; ஆகவே அதில் நனையும் பொக்காளி அரிசி தனிச்சிறப்புடைய மக்னீசியச் சுரங்கம் என்று சிலர் எண்ணக்கூடும். அது அவசர முடிவு. உப்பைச் சமாளிப்பது அந்த நெல்லின் திறம், உப்பைச் சேமிப்பதன்று. தவிடு நீங்காமல் உண்ணப்படும்போது எந்த அரிசிக்கும் உள்ள நன்மையே அதற்கும் உண்டு. 2008இல் பொக்காளிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மழைக்காலத்தில் நெல், பின்னர் இறால் என்னும் பழைய சுழற்சியில் இறால் மட்டும் இலாபம் தருவதால், நெல் விதைக்கும் பரப்பு ஆண்டுதோறும் சுருங்கிவருகிறது. அரிசியைத் தேடிச் செல்பவர்க்கு அது எளிதில் கிடைப்பதில்லை; மாத்திரை எல்லாத் தெருவிலும் கிடைக்கிறது.