குழந்தைகளுக்கான அறிவு நூல்களும் அழ. வள்ளியப்பாவின் இறுதி உரையும்

மதுரைத் தமுக்கம் திடலின் புத்தகத் திருவிழாவிற்குச் சென்றுவரும் நம் வட்டத்து அன்பர்கள் அறிவர். மாலை மேடையில் கவிஞரும் பட்டிமன்றப் பேச்சாளரும் வந்து அமர்ந்தால் நாற்காலிகள் நிறைந்துவிடும். ஆற்றைப் பற்றியோ விண்மீனைப் பற்றியோ பிள்ளைகளுக்கு நூல் எழுதிய ஒருவர் பேச வந்தாலோ, அது குழந்தைகள் நிகழ்ச்சி என்று நாம் கடந்து போகிறோம். இம்மனப்போக்கை எதிர்த்து ஒருவர் இதே மதுரையில் தம் இறுதி நாளிலும் வாதாடினார் என்பதை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அழ. வள்ளியப்பா 1922 நவம்பர் 7-இல் புதுக்கோட்டைச் சீமையின் இராயவரத்தில் பிறந்தார். 1940-இல் வை. கோவிந்தனின் 'சக்தி' அலுவலகத்தில் சேர்ந்தபோது, தி.ஜ. ரங்கநாதன் அவரை எழுதத் தூண்டினார். அடுத்த ஆண்டு இந்தியன் வங்கிப் பணியில் அமர்ந்து 1982-இல் ஓய்வு பெற்றார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றவரும் அவரே. 'பூஞ்சோலை', 'கோகுலம்' ஆகிய இதழ்களின் ஆசிரியராகவும் விளங்கினார்.

'குழந்தைக் கவிஞர்' என்னும் பட்டம் அவர்தம் பாடல்களை நிலைநிறுத்தியது. உரைநடைப் பணியையோ ஓரளவு மறைத்துவிட்டது. 'நம் நதிகள்', 'பெரியோர் வாழ்விலே', 'சின்னஞ்சிறு வயதில்' போன்றவை கற்பனைக் கதைகள் அல்ல. உண்மைச் செய்திகளைச் சிறுவர்க்கு உரைக்கும் நூல்கள். ஆற்றைப் பாடுவோர்க்கு அதன் அழகு போதும். ஆற்றை விளக்குவோர் அது எங்கே தோன்றுகிறது, எவற்றைச் சேர்த்துக்கொண்டு எங்கே முடிகிறது என்று பிழையின்றிச் சொல்ல வேண்டும். அதனையும் பத்து வயதுப் பிள்ளை அறிந்த சொற்களால் சொல்ல வேண்டும்.

இத்துறையில் அவர் தனித்து நின்றவர் அல்லர். கவிஞரும் இசைப்பாடலாசிரியருமான பெ. தூரன், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியப் பணியை முடித்த கையோடு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை மேற்கொண்டார். 1968 முதல் 1976 வரை அது பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. கவிதையில் பெயர் பெற்ற இருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிள்ளைகளின் அறிவுக்கென ஈந்தனர். கவிஞர்கள் நிறைந்த நம் வட்டம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

1989 மார்ச் 16 அன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில் வள்ளியப்பா பேசினார். குழந்தை இலக்கியத்திற்குக் கல்வி உலகில் உரிய இடம் வேண்டும் என்பதே அவர் பேச்சின் பொருள். பேசிக்கொண்டிருக்கையிலேயே மயங்கி விழுந்து மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 66.

அவர் கேட்ட இடம் எளிதில் கிட்டிவிடவில்லை. முனைவர் பட்டத்திற்கு யான் தலைப்புத் தேடிய நாளில், குழந்தைகளுக்கு எழுதியவை ஆய்வுக்கு ஆகா என்று அறிவுரைத்த மூத்தோர் உண்டு. யானும் பணிந்து வேறு தலைப்பை எடுத்துக்கொண்டேன். அப்பணிவை எண்ணி இன்றும் நாணுகிறேன்.

காலம் சற்றே மாறியிருக்கிறது. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்திற்கெனத் தனி விருது வழங்கி வருகிறது. 2014-இல் தமிழுக்கான அவ்விருதைப் பெற்றது இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்'. அறிவியலைப் பிள்ளைகளிடம் கொண்டுசென்ற நூல் அது. வள்ளியப்பா மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ஏற்பு. 2023 சூலை 15-இல் மதுரையில் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகம் சிறுவர்க்கெனத் தனிப்பகுதி கொண்டுள்ளது. அங்குள்ள அடுக்குகளை நிரப்ப வேண்டியவர்கள் எழுத்தாளர்கள்.

பத்தாண்டுகளாக ஆனையூரில் கூடி வரும் நாம் கண்மாயைப் பலமுறை பாடியிருக்கிறோம். அக்கண்மாய்க்கு நீர் எவ்வழி வருகிறது, மடை யாது செய்கிறது, கலுங்கு எதற்கு என்று ஒரு சிறுமி கேட்டால் அவள் கையில் கொடுப்பதற்கு நம் வட்டத்திலிருந்து ஒரு சிறு நூலும் இல்லை. அடுத்த பத்தாண்டில் அதனை எழுதுவோம். எழுதியவரை நம் ஆண்டு விழா மேடையில் பேச அழைப்போம். நாற்காலிகளில் நாமும் அமர்ந்து கேட்போம்.