தெருமுனையில் ஒரு தொலைநோக்கி

வானாய்வுக் கூடங்களின் வரலாறு பெரும்பாலும் மன்னர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1420களில் சமர்கந்தில் உலூக் பேக் எழுப்பிய கூடத்தையும், 18ஆம் நூற்றாண்டில் டில்லியில் ஜெய்சிங் அமைத்த ஜந்தர் மந்தரையும் நாம் அறிவோம். அங்கே நின்று விண்ணை அளந்தோர் அறிஞர் சிலரே. கூலிக்காரரும் பள்ளிச் சிறுவரும் விண்ணை நெருங்கிக் காணும் பேற்றினைத் தெருவுக்கே கொண்டுவந்த ஒரு சிறு சங்கத்தின் கதையை இங்குக் காண்போம்.

அச்சங்கத்தின் முதல்வர் ஜான் டாப்சன். 1915இல் பெய்ஜிங் நகரில் பிறந்து, 1927இல் குடும்பத்துடன் அமெரிக்காவின் சான்பிரான்ஸிஸ்கோவில் குடியேறியவர். வேதியியலில் பட்டம் பெற்ற இவர், 1944இல் அந்நகரிலிருந்த இராமகிருஷ்ண மரபினரின் வேதாந்த மடத்தில் சேர்ந்து துறவியானார். 1956இல், பழம்பொருள் கடையில் கிடைத்த சிறு வில்லையைக் கொண்டு ஒரு தொலைநோக்கி செய்து, சனிக் கிரகத்தின் வளையங்களைக் கண்டார். பின்னர், கப்பலின் வட்டச் சாளரக் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து 12 அங்குலக் குழியாடி ஒன்றை உருவாக்கினார். அதன் வழியே தேய்பிறை அரைமதியின் மலைகளையும் பள்ளங்களையும் கண்ட அன்று, இக்காட்சியை எல்லோரும் காண வேண்டும் என்னும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது.

1958இல் அவர் ஸாக்ரமெண்டோ மடத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே இரவு வேளைகளில், சக்கரம் பூட்டிய தொலைநோக்கியை வெளியே தள்ளிச் சென்று அக்கம்பக்கத்தாருக்கு வானைக் காட்டினார். மடத்தின் தலைமைக்கு இது உவப்பாயில்லை. நண்பருக்கு எழுதும் கடிதங்களில் தொலைநோக்கியை ‘ஜெரேனியம்’ என்னும் பூச்செடியின் பெயரால் மறைத்து எழுத வேண்டியதாயிற்று. முடிவில் 1967இல், 23 ஆண்டுகள் வாழ்ந்த மட வாழ்வை அவர் இழந்தார். ஐம்பதைக் கடந்த வயதில் கையில் காசின்றிச் சான்பிரான்ஸிஸ்கோ திரும்பியவர், ஜாக்சன், ப்ராடரிக் தெருக்கள் கூடும் முனையில் தொலைநோக்கியை நிறுத்தி, போவோர் வருவோரை அழைத்து நிலவைக் காட்டலானார். 1968இல் இளைஞர் இருவருடன் சேர்ந்து ‘நடைபாதை வானியலாளர்’ சங்கத்தைத் தோற்றுவித்தார்.

இச்சங்கத்தின் கருவி மிக எளியது. காங்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாய், ஒட்டுப்பலகைப் பெட்டி, கையால் தேய்த்த கண்ணாடி ஆகியவையே அதன் உறுப்புகள். மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளித் திருப்பலாம். நகரும் விண்மீனை அது தானே பின்தொடராது. ஆகவே நீண்ட நேரப் புகைப்படத்துக்கு உதவாது. ஆனால் விலை குறைவு, ஆடியோ பெரிது. பீரங்கிகளைத் தாங்கிய பழைய அமைப்புதான் இது என்று கூறிய டாப்சன், இதற்குக் காப்புரிமை பெறவில்லை. இன்று உலகெங்கும் ‘டாப்ஸோனியன்’ என்றே இவ்வகைத் தொலைநோக்கி வழங்கப்படுகிறது.

சங்கத்தினர் 24 அங்குலத் தொலைநோக்கியை வண்டியிலேற்றித் தேசியப் பூங்காக்களுக்கும் சென்றனர். வானம் பூங்காவைச் சேர்ந்ததன்று என ஓர் அதிகாரி மறுத்தபோது, பூங்காதான் வானத்தைச் சேர்ந்தது என்று டாப்சன் மறுமொழி கூறினாராம்.

பிரபஞ்சத் தோற்றம் பற்றிய அவருடைய கொள்கைகளை அறிவியலாளர் ஏற்கவில்லை. எனினும் தொலைநோக்கியின் பெருமைக்கு அவர் வகுத்த அளவுகோல் நிலைத்துவிட்டது. ஆடி எத்தனை அங்குலம் என்பதன்று, அதன் வழியே எத்தனை எளிய மக்கள் கண்டனர் என்பதே அவ்வளவுகோல். 2014இல் தம் 98ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இச்செய்தியில் நமக்கும் பங்குண்டு. அத்தெருமுனைகளில் நின்றோர் உச்சரிக்கும் விண்மீன் பெயர்கள் பல அரபு மொழியின் கொடை. ‘பின்தொடர்வது’ எனப் பொருள்படும் அல்தெபரானும், ‘கால்’ எனப் பொருள்படும் ரிகலும் அவற்றுட் சில. நம் குடும்பங்களும் ரமலான் பிறை காண மொட்டை மாடியில் கூடுகின்றன. பிறை தென்பட்டதும் இறங்கிவிடுகின்றன. இன்னும் சற்று நேரம் அங்கே நின்று, குழந்தைகளுக்கு அந்த விண்மீன்களையும் பெயர் சொல்லிக் காட்டினால் என்ன? அதற்கு அரசரின் வானாய்வுக் கூடம் வேண்டுவதில்லை.