பால்மரக் காட்டில் வள்ளி திருமணம்

சங்கீத நாடகத்திற்கு மாடங்களும் திரைகளும் நிறைந்த மண்டபம் இன்றியமையாதது என்று கருதுவோர்க்கு, கெர்லிங் முதலான வடசிலாங்கூர்த் தோட்டப்புறங்களில், பால்மரங்கள் சூழ்ந்த கோவில் திடலிலே, கேஸ் விளக்கின் ஒளியில், லயத்து ஜனங்களே வேஷம் கட்டி இரவெல்லாம் நடத்திய நாடகங்களின் சரித்திரம் வியப்பையே தரும்.

இந்நாடகங்களின் மூலபுருஷர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிவந்த அவர், இருபத்துநான்காம் வயதில் அவ்வுத்தியோகத்தைத் துறந்து மேடையேறினார். யமனாகவும் சனீசுவரனாகவும் அவர் தோன்றியபோது கண்டோர் நடுங்கினர் என்றும், அவ்வேஷத்தைக் கண்ட ஒரு கர்ப்பிணிக்கு நேர்ந்த துன்பத்தாலேயே அவர் நடிப்பை விட்டு வாத்தியாராக அமர்ந்தார் என்றும் சொல்வார்கள். 1918-இல் மதுரையில் அவர் கண்ட பாலர் சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்றனர். 1922-இல் புதுச்சேரியில் மறைவதற்குள், பாட்டும் வசனமும் தர்க்கமும் பின்னிய நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை அவர் தமிழுக்கு அளித்துவிட்டார்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, கங்காணியின் பின்னால் மலாயாவுக்கு வந்தவர்களில் வடஆர்க்காடு, சேலம், திருச்சி ஜில்லாக்காரர் பலர். தெருக்கூத்து அவர்கள் ஊரிலேயே பார்த்துப் பழகியது. பார்சி நாடகத்தின் சாயலில் பினாங்கில் 1885 அளவில் மலாய் பங்சாவான் நாடகக் கம்பெனி எழுந்திருந்த இந்நாட்டில், தமிழகத்து நாடகக் குழுக்களும் வந்து போயின. நாடகப் பாடகர் கிட்டப்பாவின் கிராமபோன் தட்டுகளும் வந்து சேர்ந்தன. கேட்டதைப் பாடமாக்கி, ஹார்மோனியக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, ராஜபார்ட்டையும் ஸ்திரீபார்ட்டையும் பபூனையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, ஒத்திகையை வேலை முடிந்த மாலைகளில் வைத்துக்கொண்டார்கள். ஸ்திரீபார்ட்டும் ஆண்களுக்கே. விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டிய உடம்பு என்பதை நினைத்தால், அந்த உழைப்பின் அருமை விளங்கும்.

சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ அவர்களுக்கு ஏன் அத்தனை பிரியமாயிற்று? தினைப்புனத்துப் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளியோட்டும் குறவர் மகளை நாடி, தேவர்களின் சேனாபதியான முருகனே வேடனாயும் கிழவனாயும் வந்து, அவளோடு தர்க்கம் செய்து, வார்த்தைக்கு வார்த்தை மறுமொழி பெற்று நிற்கிறான். காட்டிலே உழைக்கும் பெண்ணிடம் கடவுளே வந்து இரந்து நிற்கும் அக்காட்சியை, நாள்தோறும் மேட்டு நிலத்தில் மரம் வெட்டிப் பால் சுமந்த பெண்கள் முன்வரிசையில் பாய் விரித்திருந்து பார்த்தபோது, நகரத்துச் சபையினர் ஒருபோதும் அறியாத உரிமையோடு பார்த்திருப்பர் என்பதே என் துணிபு.

ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த செக் ஜனங்களிடையேயும் தம் மொழி நாடகத்தின்மேல் இத்தகைய அபிமானம் இருந்தது. இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் முதல் செக் மொழி இசைநாடகம் 1866 ஜனவரியில் பிராகில், சொந்த அரங்கு கட்டி முடியும்வரை பயன்பட்ட தற்காலிக நாடகசாலையிலேதான் அரங்கேறியது. பின்னர் பொதுஜனங்களின் காசு சேர்த்துக் கட்டிய தேசிய நாடகசாலை 1881-இல் தீக்கிரையாக, மறுபடியும் காசு சேர்த்து 1883-இல் திறந்தார்கள். தோட்டத்து மக்களும் சம்பளத்தில் காசெடுத்துத்தான் திருவிழா நடத்தினார்கள். கல் கட்டடம் மட்டும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

மலாயாவில் 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தின் ஊரடங்கு இரவு நாடகத்தைச் சுருக்கிற்று. சினிமா ஜனங்களை இழுத்தது. 1952 முதல் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய தமிழர் திருநாள் சீர்திருத்த நாடகங்களுக்கு மேடை தந்தது. அதுவும் நல்ல காரியமே. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனை வந்து, லயங்கள் காலியானபோது, வேஷம் கட்டியவர்களும் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் கையெழுத்தில் நாடக நோட்டு ஒன்று கிடக்குமானால், கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடமோ அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியிடமோ அதை ஒப்படையுங்கள். அதில் எந்த வேஷத்தை யார் கட்டினார், எந்தத் திடலில் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஓரத்திலே எழுதியும் வையுங்கள்.