இரண்டு பெயர்களும் வேண்டும்

நூலகத் தொழில்நுட்ப மாநாடுன்னா இன்று பேச்சுப் பட்டியலில் முதலிடம் செயற்கை நுண்ணறிவுக்குத்தான். 1990களில் தமிழ்க் கணிமைக் கூட்டங்களில் எழுந்த கேள்வி ரொம்ப எளிமையானது: நான் அனுப்பும் ‘அ’ உன் திரையிலும் ‘அ’வாகத் தெரியுமா?

யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் புழக்கத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. இதைப் பேசத்தான் 1997இல் நா. கோவிந்தசாமி முயற்சியில் சிங்கப்பூரில் கூடினார்கள். 1999 சென்னை மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை முடிவானது. 2001இல் மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தது. தேடும் சிக்கல் தீரவில்லை. பல நூலகங்கள் தமிழ் நூல்களை ரோமன் எழுத்தில்தான் பதிந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் ழகரம் என்பது கீழே கோடு போட்ட ‘எல்’. நாமோ ‘இசட் எச்’ போட்டுத் தேடுகிறோம். எப்படிக் கிடைக்கும்?

பேராக்கில் இன்னொரு முடிச்சும் உண்டு. ரப்பர் தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம்மாட்கள் கூப்பிட்ட பெயர் வேறொன்று. நில ஆவணத்தில் முதல் பெயர். கோயில் மலரில், பள்ளி மலரில் இரண்டாவது. இரண்டும் ஒரே இடம்தான்னு எந்தக் கணினிக்கும் தானாகத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. இரண்டு பெயரும் அறிந்தவர்கள் இன்று ஈப்போ தாமான்களில் தாத்தா பாட்டிகள்.

அடுத்த மாநாட்டில் முதல் அரைமணி நேரத்தை இந்தப் பெயர்ப்பட்டியலுக்குக் கொடுங்கள். செயற்கை நுண்ணறிவு காத்திருக்கும், அவர்களால் முடியாது.