சோறு வைக்காத குற்றம்

கோர்ட்டுக் கதை என்றால் நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு தனி ருசி. கூண்டில் ஒருவன் நிற்க வேண்டும்; கறுப்பு அங்கி அணிந்தவர் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்; பெஞ்சில் அமர்ந்திருப்பவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்க வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும், மூன்று மணி நேரம் நாற்காலியை விட்டு அசைய மாட்டோம்.

1973-ல் வந்த ‘கௌரவம்’ படத்தை இன்றும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. வியட்நாம் வீடு சுந்தரம் தாம் எழுதிய ‘கண்ணன் வந்தான்’ நாடகத்தைத் தாமே படமாக்கினார். பாரிஸ்டர் ரஜினிகாந்தாகவும், அவர் வளர்த்த கண்ணனாகவும் சிவாஜி கணேசன் இரட்டை வேஷம் கட்டினார். ஹைக்கோர்ட் ஜட்ஜ் பதவி தமக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆத்திரத்தில் இருக்கிறார் பாரிஸ்டர். மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட மோகன்தாஸ் என்ற பணக்காரர் அந்தச் சமயத்தில் அவரைத் தேடி வருகிறார். கட்சிக்காரர் குற்றவாளி என்று தெரிந்தே பாரிஸ்டர் வழக்கை எடுத்துக்கொள்கிறார்; ஜெயிக்கவும் செய்கிறார்.

படம் பார்த்தவர்களைக் கேளுங்கள். பாரிஸ்டரின் நடையைச் சொல்வார்கள். பைப்பைப் பிடிக்கும் தோரணையைச் சொல்வார்கள். செத்துப் போன அந்த மனைவி எப்படிப்பட்டவள், என்ன பேசினாள், எதற்குப் பயந்தாள் என்று கேட்டால் விழிப்பார்கள். கதை ஆரம்பமாவதற்கு அவள் சாவு தேவைப்பட்டது. அதற்கப்புறம் கதை முழுவதும் ஆண்களின் கௌரவத்தைப் பற்றியது.

இது தமிழ்ப் படத்துக்கு மட்டும் உரிய குறை அல்ல. கோர்ட்டின் அமைப்பே அப்படி. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் உண்டு, மேல்முறையீடு உண்டு, சந்தேகத்தின் பலனும் உண்டு. அவை இருக்கத்தான் வேண்டும். ஆனால் நாலு சுவருக்குள் நடந்ததை அறிந்த இன்னொருத்தி பேச முடியாதவளாகி விட்டால், வழக்கு ஒரு குரலோடுதான் நடக்கிறது.

அமெரிக்காவில் நியூபோர்ட் என்ற கடற்கரை ஊரில் நடந்த வழக்கு இதற்குப் பேர்போனது. சன்னி வான் புலோ பெரும் சொத்துக்கு வாரிசு. 1979 டிசம்பரில் ஒரு முறை நினைவு தப்பிப் பிழைத்தார். 1980 டிசம்பரில் மறுமுறை தப்பிய நினைவு திரும்பவே இல்லை. இன்சுலின் ஊசி போட்டுக் கொல்ல முயன்றதாகக் கணவர் கிளாஸ் வான் புலோ மீது வழக்கு. 1982-ல் ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். முப்பது ஆண்டு தண்டனை. 1984-ல் மேல் கோர்ட் அதை ரத்து செய்தது. 1985-ல் நடந்த மறு விசாரணையில் டாக்டர்களின் சாட்சியம் வேறு விதமாகப் போயிற்று, அவர் விடுதலையானார். இதைக் கதையாகக் கொண்டு 1990-ல் வந்த ‘ரிவர்சல் ஆஃப் ஃபார்ச்சூன்’ படத்தில் கணவராக நடித்த ஜெரிமி அயன்ஸ் ஆஸ்கார் பரிசு பெற்றார். படமெடுத்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நினைவற்றுக் கிடக்கும் மனைவியையே கதை சொல்ல வைத்தார்கள். நிஜ வாழ்க்கையில் அந்த அம்மாள் 2008 வரை, ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள், ஒரு வார்த்தையும் பேசாமல் கிடந்து இறந்தார்.

நம் தேசத்தில் இதற்கு நேர்மாறாக ஒரு வழக்கு நடந்திருக்கிறது. அதில் மாளிகை இல்லை, ஊசி இல்லை, விஷம் இல்லை. அதன் அருமை தெரிய வேண்டுமானால் முதலில் சட்டம் என்ன சொல்லிற்று என்று பார்க்க வேண்டும்.

மெக்காலே முதல் நகல் எழுதி, 1860-ல் சட்டமான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு கொலை முயற்சியைப் பற்றியது. (2024 ஜூலை முதல் அந்த இடத்துக்குப் புதிய சட்டத்தின் 109-ஆம் பிரிவு வந்திருக்கிறது.) அந்தப் பிரிவின் கீழே சில உதாரணங்கள் உண்டு. ஒருவன் விஷம் வாங்கிச் சாப்பாட்டில் கலக்கித் தன் கையிலேயே வைத்திருக்கிறான். அதுவரை கொலை முயற்சி இல்லை. அந்தச் சாப்பாட்டை எதிரியின் மேஜையில் வைத்து விட்டானானால் கொலை முயற்சி. சரி, சோற்றில் விஷம் வைத்தால் குற்றம். சோறே வைக்காவிட்டால்?

இந்தக் கேள்விதான் ‘ஓம் பிரகாஷ் எதிர் பஞ்சாப் அரசு’ என்ற வழக்கில் டில்லி சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 1951 அக்டோபரில் கல்யாணம். இரண்டு வருஷத்துக்குள் மனஸ்தாபம். அவள் சகோதரன் வீட்டுக்குப் போய் ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்தாள். இனிக் கொடுமை இருக்காது என்று கணவனின் மாமா உறுதி சொன்னதை நம்பித் திரும்பி வந்தாள். வந்தபின் நடந்ததை அவளே கோர்ட்டில் சொன்னாள். நாள்கணக்கில் சாப்பாடு கிடையாது. ஐந்தாறு நாளைக்கு ஒரு தரம் கடலை உமியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். 1956 ஏப்ரலில் ஒரு நாள் வெளியே வந்தவளைப் பிடித்து இழுத்துப் போய் அடித்தார்கள். பிறகு அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

ஜூன் 5-ஆம் தேதி அறைக் கதவு பூட்டாமல் இருந்தது. மாமியாரும் கணவனும் வீட்டில் இல்லை. எலும்பும் தோலுமாக இருந்தவள் எழுந்து நடந்தாள். எப்படியோ லூதியானா அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே இருந்த டாக்டரம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கணவனும் மாமியாரும் பின்னாலேயே வந்து வீட்டுக்கு அழைத்தார்கள். ‘புருஷன் பெண்சாதி விவகாரம், நமக்கென்ன’ என்று அந்த டாக்டரம்மாள் நினைத்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். அவர் அனுப்பவில்லை. பிறகு போலீஸுக்குத் தகவல் போயிற்று. மாஜிஸ்திரேட் அவள் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார்.

கணவனின் தரப்பு வாதத்தில் கெட்டிக்காரத்தனம் இல்லாமலில்லை. ஒரு வேளைச் சோறு போடாததால் யாரும் செத்துப் போவதில்லை. மறுவேளை போடாததாலும் இல்லை. எந்த ஒரு நாளை எடுத்தாலும் அன்றைய செய்கை கொலை செய்யக் கூடியது அல்ல. உயிரை எடுக்கும் கடைசிச் செய்கை நடக்கவே இல்லை. அப்படியிருக்கக் கொலை முயற்சி எங்கே வந்தது?

1961 ஏப்ரல் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் பதில் சொல்லிற்று. கடைசிச் செய்கை வரை காத்திருக்க வேண்டியதில்லை. செய்கை என்றால் ஒரே ஒரு செய்கை மட்டும் அல்ல, தொடர்ந்து வரும் செய்கைகளின் வரிசையும்தான். கொல்லும் எண்ணத்தோடு, வெளியே போகவும் விடாமல், நாளுக்கு நாள் பட்டினி போட்டு வந்தது கொலை முயற்சியே. அப்பீல் தள்ளுபடி ஆயிற்று.

வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்ததும் அதே 1961-ல்தான். மனைவியைக் கொடுமைப்படுத்துவதே தனிக் குற்றம் என்று சட்டம் ஏற்க 1983 வரை ஆயிற்று. ஆகவே அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த வழி மிகக் குறுகலானது. சாவின் விளிம்பு வரை போனதால்தான் அவளுக்கு அந்த வழியே திறந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

‘புருஷன் பெண்சாதி சண்டையில் தலையிடாதே’ என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அதற்கு நம் பக்கத்தில் தெய்வமே சாட்சி என்றும் சொல்லுவார்கள். திருவண்ணாமலையில் தை மாதத்தில் திருவூடல் என்று ஓர் உற்சவம். அதற்கென்று ஒரு தெருவே இருக்கிறது. உமையைத் தன் உடம்பில் பாதியாக வைத்துக்கொண்ட ஊரிலேயே அண்ணாமலையாருக்கும் அம்மனுக்கும் சண்டை. பிருங்கி முனிவர் சுவாமியை மட்டும் கும்பிட்டதால் வந்த வழக்கு அது. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொள்கிறாள். சுவாமி வெளியே இரவைக் கழித்து, மறுநாள் தனியாக மலையைச் சுற்றி அடி அண்ணாமலை வழியாக வருகிறார். அதன் பிறகுதான் சமாதானம்.

பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி. ஆனால் அதில் கதவை யார் சாத்துகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். அம்மன் உள்ளேயிருந்து தன் கையால் சாத்துகிறாள். இஷ்டப்பட்டபோது தானே திறக்கிறாள். அதற்குப் பெயர் ஊடல். அதில் அயலார் தலையிட வேண்டாம்தான். லூதியானாவில் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட கதவுக்கு முன்னால் ஊரும் உறவும் ‘குடும்ப விஷயம்’ என்று ஒதுங்கிப் போவது எந்த மரியாதையிலும் சேராது.

பாரிஸ்டர்கள் ஜெயித்த வழக்குகளைப் படமாக எடுக்கிறார்கள். பார்ப்போம், கை தட்டுவோம். ஆனால் ஒரு ஜூன் மாத வெயிலில், பல நாள் பட்டினியோடு ஒரு பெண் தன் வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்தாளே, அந்த நடையை நினைத்துப் பாருங்கள். சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அந்த நடையில்தான் ஆரம்பமாயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் ஒருத்தி அவளைத் திருப்பி அனுப்ப மறுத்ததால் அது நிலைத்தது.