பி அம்மாவின் குடும்பக் கப்ருகளும் அவர் விட்டுச்சென்ற சொத்தும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்…



சில மாதங்களுக்கு முன் எங்கள் மதரஸாவில் ஓதும் மாணவி ஒருத்தியின் தாயார் என்னைக் காண வந்திருந்தார். கணவரை இழந்தவர். "ஹஜ்ரத், மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். மேலே படிக்க வேண்டும் என்கிறாள். என்னிடம் இருப்பது நாலு பவுன் நகைதான். அதை அவள் நிக்காஹ்வுக்கு வைத்துக்கொள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். நானும் அதிகம் சிந்திக்காமல், "நகை கையில் இருக்கட்டும் அம்மா, அதுதான் பாதுகாப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம் மாணவர்களுக்கு விடுதலைப் போராட்ட வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காக அலி சகோதரர்களின் தாயாரைப் பற்றிப் படித்தபோது, நான் சொன்ன பதிலை எண்ணி வெட்கப்பட்டேன். அந்த அன்னையின் வரலாற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆபாதி பானு பேகம் என்பது அவருடைய இயற்பெயர். மக்கள் அவரை மரியாதையுடன் 'பி அம்மா' என்று அழைத்தார்கள். 1850-ஆம் ஆண்டையொட்டி வடஇந்தியாவில் பிறந்த அவர், ராம்பூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய அப்துல் அலி கானை மணந்தார். ஐந்து ஆண் மக்களும் ஒரு பெண்ணும் பிறந்த நிலையில், இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அப்போது முஹம்மது அலி ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தை.

பி அம்மா முறையான பள்ளிக் கல்வி பெற்றவர் அல்லர். எனினும் தம் மக்கள் கற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். குடும்பச் சொத்தை நிர்வகித்த உறவினரோ, ஆங்கிலம் படித்தால் பிள்ளைகளின் மார்க்கம் கெட்டுவிடும் என்று கருதிப் பணம் தர மறுத்தார். பி அம்மா யாருடனும் வாதாடவில்லை. தம் நகைகளை ஒரு பணிப்பெண் மூலம் அடகு வைத்துப் பிள்ளைகளைப் பரேலியில் இருந்த பள்ளிக்கு அனுப்பினார். அங்கிருந்து அலிகார் சென்ற ஷவ்கத் அலியும் முஹம்மது அலியும் பின்னர் நாடறிந்த தலைவர்களாயினர். முஹம்மது அலி ஆக்ஸ்போர்டு வரை சென்று கற்றார். அந்தக் கல்வி மார்க்கத்தை அழிக்கவில்லை. மார்க்கத்துக்காகவும் நாட்டுக்காகவும் சிறை செல்லும் துணிவை வளர்த்தது.

1915-இல் ஆங்கிலேய அரசு சகோதரர்கள் இருவரையும் காவலில் வைத்தது. நிபந்தனைகளை ஏற்றுக் கையொப்பமிட்டால் விடுவிப்பதாகச் சொன்னபோது, மக்கள் அதற்கு இணங்குவதைத் தாம் ஒருபோதும் பொறுக்கமாட்டேன் என்று அந்த அன்னை உறுதியாக நின்றார். 1917 டிசம்பரில் கல்கத்தாவில் முஸ்லிம் லீக் மாநாடு கூடியது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முஹம்மது அலி காவலில் இருந்தார். அவருடைய படமே தலைவரின் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அந்த மாநாட்டில் புர்கா அணிந்தபடி பி அம்மா உரையாற்றினார். பெண்கள் பொதுமேடை ஏறுவதே அரிதாயிருந்த காலத்தில், அறுபது வயதைக் கடந்த முஸ்லிம் மூதாட்டி ஒருவர் அரசியல் பேசினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பின்னர் கிலாஃபத் இயக்கத்துக்காக நாடெங்கும் பயணம் செய்தார். நிதி திரட்டினார், கதர் அணியச் சொன்னார், இந்து முஸ்லிம் ஒற்றுமையை வலியுறுத்தினார். பஞ்சாபில் நடந்த ஒரு கூட்டத்தில், கூடியிருப்போர் அனைவரும் தம் பிள்ளைகளே என்று சொல்லி முகத்திரையை நீக்கிப் பேசினார். இதைக் கேட்டு முகம் சுளிப்போர், திருமண எதிர்பார்ப்பற்ற முதிய பெண்களுக்கு அந்நூர் அத்தியாயத்தின் 60-ஆவது வசனம் அளிக்கும் சலுகையை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் தமிழகத்துக்கும் இக்குடும்பத்துக்கும் தொடர்பு உண்டு. 1921 செப்டம்பர் 14-இல் காந்தியடிகளுடன் சென்னைக்கு வந்துகொண்டிருந்த முஹம்மது அலி, வால்டேர் இரயில் நிலையத்தில் கைது செய்யப்பட்டார். உடன் வந்த அவருடைய துணைவியார் அம்ஜதி பானு பேகம் கலங்கித் திரும்பிவிடவில்லை, பயணத்தைத் தொடர்ந்தார். மாமியார் காட்டிய வழி மருமகளிடமும் தொடர்ந்தது. பிற்காலத்தில் அவரும் முஸ்லிம் லீக்கின் செயற்குழுவில் இடம்பெற்றார்.

இனி கப்ருகளுக்கு வருவோம். பி அம்மா 1924 நவம்பர் 13 அன்று மறைந்தார். காந்தியடிகள் தம் யங் இந்தியா இதழில் அவருக்குப் புகழஞ்சலி எழுதினார். 1930-இல் வட்டமேசை மாநாட்டுக்காக நோயுற்ற உடலுடன் இலண்டன் சென்ற முஹம்மது அலி, விடுதலையின்றி அடிமை நாட்டுக்குத் திரும்பமாட்டேன், இல்லையேல் உங்கள் மண்ணிலேயே எனக்குக் கப்ரு கொடுங்கள் என்னும் கருத்தில் அங்கே பேசினார். 1931 ஜனவரி 4-இல் இலண்டனிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருடைய ஜனாஸா ஜெரூசலத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, பைத்துல் முகத்தஸ் வளாகத்தை ஒட்டி நல்லடக்கம் செய்யப்பட்டது. ஷவ்கத் அலி 1938-இல் மறைந்தார். அவருடைய கப்ரு டெல்லி ஜும்ஆ மஸ்ஜிதின் அருகே உள்ளது.

ஒரு தாய் பெற்று வளர்த்த மக்களுள் ஒருவர் டெல்லியில். மற்றவர் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால். பிறந்த ஊரில் ஒன்றாக உறங்கும் குடும்பக் கப்ருஸ்தான் அவர்களுக்கு வாய்க்கவில்லை. தான் எந்த மண்ணில் மரணிக்கும் என்பதை எந்த ஆன்மாவும் அறியாது என லுக்மான் அத்தியாயத்தின் இறுதி வசனம் உணர்த்துவதற்கு இக்குடும்பமே சான்று.

எங்கள் தளவானூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஏறத்தாழ 1400 ஆண்டுகளாக நிற்கிறது. செஞ்சிக் கோட்டைக்குள் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெயரைச் சொல்லும் பள்ளிவாசல் நிற்கிறது. ஆண்டவர்களின் பெயரைக் கல் காக்கிறது. நகையை அடகு வைத்த தாயின் பெயரை எது காக்கும்?

மனிதன் இறந்ததும் அவனுடைய செயல்கள் மூன்றைத் தவிர முடிந்துவிடுகின்றன என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹதீஸை நாம் அறிவோம். நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, தனக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகியவையே அவை. பி அம்மாவின் நகைகளை இந்த ஹதீஸின் வெளிச்சத்தில் பாருங்கள். அவை கல்வியாக மாறின; நல்ல பிள்ளைகளைத் தந்தன; ஒரு நாட்டின் விடுதலைக்குப் பயன்பட்டன. பெட்டியில் இருந்திருந்தால் வாரிசுகள் பங்கிட்டிருப்பார்கள், அத்துடன் முடிந்திருக்கும்.

அவர் அன்று படிக்க வைத்தது ஆண் மக்களை. இன்று அதே உறுதி நம் பெண் மக்களுக்கு வேண்டும். நீதிபதி பஷீர் அஹ்மது சயீது அவர்களின் முயற்சியால் 1955-இல் சென்னையில் பெண்களுக்கென ஒரு கல்லூரி எழுந்தது. வாசல் திறந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும், 'பெண்ணுக்கு எதற்குப் படிப்பு' என்று நாம் தயங்கினால் அந்தக் குற்றம் நம்முடையது.

அடுத்த ஜும்ஆ முடிந்ததும் அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்றேன். "அம்மா, அன்று நான் சொன்னது தவறு. நிக்காஹ்வை எளிமையாக நடத்தச் சொல்கிறது நம் மார்க்கம். மஹர் கொடுக்க வேண்டியதும் மாப்பிள்ளைதான். நகையை மகளின் படிப்புக்கே செலவிடுங்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற மகள்தான், "ஹஜ்ரத், டீ குடித்துவிட்டுப் போங்கள்" என்றாள்.

வல்ல ரஹ்மான் பி அம்மாவின் கப்ரையும், எங்கெங்கோ உறங்கும் அவருடைய மக்களின் கப்ருகளையும் ஒளிமயமாக்குவானாக. நாம் விட்டுச்செல்வதை நமக்குப் பின்னும் நன்மை தரும் சொத்தாக ஆக்குவானாக. ஆமீன்.